கழுவாமல் சாப்பிடலாம்

எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது திராட்சையைப் பற்றி அல்ல, கக்கூஸ் எங்கே என்றுதான். நகரத்துக் கிழக்கேகோட்டையிலிருந்து கிளம்பி ஒன்றரை மணி நேரம் வளைவிலும் திருப்பத்திலும் குலுங்கி வந்தால் யாருக்கும் அதுதான் முதல் தேவை. நான் வாசலிலேயே நின்று, "இடது பக்கம் மக்களே, வாளியில வெள்ளம் இருக்கு" என்று சொல்லிவிடுவேன். வணக்கமும் சுகவிசாரிப்பும் அதற்குப் பிறகுதான்.

சுஜா மேடம், பேசினால் நான் சுற்றிச் சுற்றிப் போகிறேன் என்று எழுதித் தரச் சொன்னீர்கள். மலையாளம் பேசுவேன், எழுத வராது. நாகர்கோவிலில் எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். ஸ்டேஷனில் தமிழ் வாசிக்கிற ஆள் இருப்பதாகச் சொன்னீர்கள், அவருக்குப் புரியும்படி எழுதுகிறேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. எதை நினைத்தாலும் யார் என்ன சொன்னார்கள் என்பதுதான் முதலில் காதில் விழும். அதனால் இங்கேயும் பேச்சு கொஞ்சம் கலந்துதான் வரும்.

என் பெயர் ரத்னாபாய். விதுராவுக்கு மேலே, போனக்காட்டுக்குப் போகிற வழியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர். முன்பு ரப்பர் நின்ற மண். என் வீட்டுக்காரர் திரவியம் இந்த இரண்டு ஏக்கரோடு, கீழே நேந்திரன் வாழையும் குத்தகைக்குப் போட்டிருந்தார். முப்பது வருடம் வாழைக்குத் தன் கையாலேயே மருந்து அடித்தவர். முகத்தில் துணி கட்ட மாட்டார், பீடி குடிக்க இடைஞ்சல் என்பார். பிறகு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். கடைசி எட்டு மாதம் நான்தான் பார்த்தேன். ஈறிலிருந்து ரத்தம் கசியும், தலையணை உறையைத் தினமும் மாற்றுவேன். மருந்தால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். எங்கள் மகன் ஜெயனுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அடக்கம் முடிந்து வந்த அன்று, மஸ்கட் வேலையை விடப்போகிறேன் என்றான்.

"இனி எனக்க மண்ணுல ஒரு சொட்டு விஷம் விழப்பிடாது அம்மா."

"செரி மக்கா" என்றேன்.

ரப்பரை வெட்டி, கம்பம் ஊரிலிருந்து பன்னீர் திராட்சைப் பதியன் கொண்டுவந்து நட்டான். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டான். எங்கள் பக்கத்து மழைக்குத் திராட்சை நிற்காது என்று விவசாய ஆபீசில் சொன்னார்கள், அக்கம்பக்கத்திலும் சொன்னார்கள். "நிக்கும்" என்றான் ஜெயன். பழைய ரப்பர் ஷீட் கொட்டகையில் இரண்டு ஸ்டீல் தொட்டி வைத்து வைனுக்கு லைசன்ஸும் வாங்கினான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பரணி ஜாடியில் வைன் ஊறவைப்பது எப்போதும் என் வேலை. அதனால் வைனுக்கு நான், கொடிக்கு அவன் என்று வைத்துக்கொண்டோம். மருமகள் குவைத்தில் நர்ஸ். அவர்களுடைய மகள் ரேஷ்மி என்னிடம் வளர்கிறாள், ஏழு வயது.

இரண்டாம் வருடம் முதல் காய்ப்பு. கொத்து கொத்தாக இறங்கிய பிறகு மாவுப்பூச்சி வந்தது. கொத்துக்குள்ளே பஞ்சு வைத்த மாதிரி வெள்ளையாகப் புகுந்து, ஒரே மாதத்தில் பழம் முழுவதும் பிசுபிசுத்து உதிர்ந்தது. ஜெயன் வேப்பெண்ணெய் அடித்தான், இஞ்சியும் பூண்டும் அரைத்து அடித்தான், பூச்சியைக் கையால் நசுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கிணற்றுத் தூணில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நான் அதை அவிழ்த்துச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுது மக்கா" என்றேன். வந்து சாப்பிட்டான். அதைப்பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்கு என்று சொல்லி நாகர்கோவில் பஸ் ஏறினேன். ஒரு மருந்துக்கடையில் மாவுப்பூச்சிக்குக் கேட்டேன். விஷம் என்று சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டிலை எடுத்து வைத்தார் கடைக்காரர்.

"எந்தப் பயிருக்கு பாட்டி?"

"வாழைக்கு."

"அடிக்கிற ஆளு கையுறை, மாஸ்க் போடணும். அடிச்சா பதினஞ்சு நாளு தள்ளித்தான் பறிக்கணும். கேட்டியளா?"

"கேட்டேன்" என்றேன்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் அதை எப்படி அடிப்பது என்று நான் கஷ்டப்படவே இல்லை. ஜெயனுடைய தோட்டத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யம் அடிப்பது முறை. சாணம், கோமியம், பால், தயிர், நெய், கூடக் கொஞ்சம் பழமும் கருப்பட்டியும் சேர்த்து நீல டிரம்மில் ஊறவைத்து, காலையும் மாலையும் கம்பால் கலக்கவேண்டும். கலக்குகிற கை மாறக்கூடாது, மாறினால் கெட்டுப்போகும் என்பது ஜெயன் எங்கோ படித்து வந்து பிடித்துக்கொண்ட நம்பிக்கை. ஆக, அந்த டிரம்மை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. அதன் நாற்றத்தில் வேறெந்த நாற்றமும் தெரியாது. நான் செய்ய வேண்டியிருந்தது மூடியைத் திறந்து மூடுவது மட்டும்தான்.

அடிப்பது பால்பாண்டி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வீட்டு லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே வேலை இல்லாமல் போனபின் எங்களிடம் வந்தான், எங்கள் எல்லையிலேயே குடிசை போட்டுக்கொடுத்தோம். ஸ்பிரேயரை முதுகில் மாட்டி, சட்டையைக் கழற்றிவிட்டு அடிப்பான். மாட்டுச் சாணத்துக்கு யார் மாஸ்க் போடுவார்கள். நான் கலந்து கொடுத்த இரண்டாவது தடவை அவன் பந்தலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னமோ கண்ணு மங்குதும்மா. சாணித் தண்ணிக்கா இப்படிக் கெறங்கும்?"

"வெயிலாக்கும் பாண்டி. சுக்குக் காப்பி தரட்டா?"

"தேயிலைக்கு மருந்து அடிக்கையில இப்படித்தான் இருக்கும்."

"இங்க ஏது மருந்து?"

"அதானே" என்று சிரித்தான். "மாட்டு மூத்திரத்தால ஊருக்கெல்லாம் ஆயுசு கூடுது, எனக்குக் கொறையுது பாருங்க."

அதன் பிறகு அவன் அடிக்கிற நாட்களில் சுக்குக் காப்பி போடத் தவறியதில்லை. மத்தியானம் அவனுக்கு இரண்டு முட்டையும் கொடுப்பேன். அவனை நான் ஒருநாளும் கெடுதலாக நடத்தியதில்லை, அவனிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்த காய்ப்பில் பழம் நின்றது. அடுத்த வருடமும் நின்றது. ஆர்கானிக் சர்ட்டிபிகேட்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை, முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். இலை பறித்துக்கொண்டு போவார்கள். அதற்கு முன் இரண்டு மாதம் நான் டிரம்மில் வெறும் பஞ்சகவ்யம்தான் வைப்பேன். சர்ட்டிபிகேட்டை ஜெயன் கண்ணாடி போட்டு, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வர ஆரம்பித்தார்கள். "கழுவாமல் சாப்பிடலாம்" என்று மூன்று மொழியில் அவனே பலகை எழுதி, பந்தல் வாசலில் வைத்தான். உள்ளே நுழைந்ததும் நான் ஒரு பழத்தைப் பறித்து அப்படியே வாயில் போட்டுக் காட்டுவேன். கிழவியே தின்கிறாள் என்றதும் எல்லோரும் கை நீட்டுவார்கள். எங்கள் தோட்டத்துக்கு அதுதான் பெயர். நல்ல தண்ணீரில் கழுவித் தின்னும் திராட்சை நகரத்துச் சாலைச் சந்தையிலும் கிடைக்குமே.

சபைக்குத் திருவிருந்து வைனும் எங்கள் தொட்டியிலிருந்துதான் போனது. நான்கு வருடமாக நான் எழுந்து போய் அதை வாங்கவில்லை. முட்டி மடக்கிக் குனிய முடியவில்லை என்று போதகரிடம் சொன்னேன். முட்டிவலி உண்மைதான்.

பதினைந்து நாள் கணக்கை நான் எப்போதும் காப்பாற்றினேன் மேடம். எல்லாத் தடவையும் கலக்க மாட்டேன், பூச்சி தெரிந்தால்தான். சபைக் காலண்டரில் மருந்து கலந்த நாளுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அந்த நாளிலிருந்து எண்ணி, விருந்தாளி வருகிற ஞாயிறு அதற்குள் விழுந்தால் பந்தலில் மராமத்து என்றோ மாடு கன்று ஈன்றது என்றோ ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவேன். நான்கு வருடத்தில் ஒரு ஆளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. பால்பாண்டியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு மட்டும் தவறிப்போனது. மூன்று வாரமாக அடைமழை. யாரும் வரவில்லை. ஜெயன் பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். கொத்துகளில் மறுபடி வெள்ளை தெரிந்தது, நான்தான் முதலில் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. அன்று கலந்து, பால்பாண்டியை அடிக்கச் சொன்னேன். சாயங்காலம் ஜெயன் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தான்.

"அம்மா, நாளை மறுநாள் ஒரு குடும்பம் வருது. கோட்டையிலேர்ந்து. வரச் சொல்லியாச்சு."

"அடுத்த வாரம் ஆகட்டே மக்கா. பந்தல்ல ஈரம் கிடக்கு."

"ஈரத்துக்கு என்ன? அவங்க என்ன பந்தல்ல ஏறி நடக்கவா போறாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றுதான். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். நீங்களும் பிள்ளை பெற்றவர் என்று சொன்னீர்கள். தூணிலிருந்து கயிறு அவிழ்த்த கை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தெரியவில்லை. "செரி, வரட்டு" என்றேன்.

வந்தவர்கள் நாலு பேர். ராமசுப்ரமணியன் என்று, கோட்டைக்குப் பக்கத்து அக்கிரகாரத்துத் தெருவில் இருக்கிற பெரியவர், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகள், பெங்களூர் மாப்பிள்ளை, நாலரை வயதுப் பேத்தி. குழந்தையின் பெயர் அபூர்வா. காரிலிருந்து இறங்கியதுமே பெரியவர் சொன்னார்:

"வைன் கியின் ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம்மா. கொழந்தைக்குப் பந்தலைக் காட்டணும், அவ்வளவுதான்."

"நான் மட்டும் அந்த ஷெட்டு எப்படியிருக்குன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்றார் மாப்பிள்ளை.

"போங்கோ. நான் பாக்கலை."

"அப்பா கண்ணை மூடிப்பார். மூக்கை என்ன பண்ணுவார்?" என்றாள் மகள். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஜெயன் மாப்பிள்ளையைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனான், மகளும் பின்னால் போனாள். பெரியவரையும் குழந்தையையும் நான் பந்தலுக்கு அழைத்துவந்தேன். பெரியவர் பலகையை இரண்டு தடவை வாசித்தார்.

"அலம்ப வேண்டாமோ?"

"எங்க தோட்டத்துல வேண்டாம்" என்று வழக்கம்போல் ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். விழுங்கவும் செய்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

"பாட்டி, இது ஏன் கறுப்பா இருக்கு?" என்று அபூர்வா கேட்டாள்.

"பழுத்தா கறுக்கும் மக்களே."

"தாத்தா பழுத்துட்டார், வெள்ளையா இருக்காரே."

பெரியவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். பேத்தி பேசுவதில் அவருக்குத் திராட்சை ஞாபகமே இல்லை. குழந்தையைத் தூக்கி, ஒரு கொத்தை அவளே பறிக்கும்படி பிடித்தேன். நல்ல கொழுத்த பிள்ளை, கனம் கைக்குத் தெரிந்தது. கொத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்றாள். சாறு முழங்கை வரைக்கும் ஒழுகியது.

பதினொன்றரைக்குக் கிளம்பினார்கள். ஒரு மணி இருக்கும், நான் திண்ணையில் உட்கார்ந்து பயற்றங்காய் நுள்ளிக்கொண்டிருந்தேன். ஜெயனுக்குப் போன் வந்தது. கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். பெரியவர், ஆஸ்பத்திரியிலிருந்து.

"கொழந்தை வழியெல்லாம் வாந்தி. இப்போ வாயில நுரையா வரது. டாக்டர் கேக்கறார், பழத்துக்கு ஏதாவது மருந்து அடிச்சேளா?"

"இல்ல சார்."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. என்ன மருந்துன்னு தெரிஞ்சா ஊசி இருக்குங்கறார்."

"எங்க அப்பாவை வச்சுச் சொல்லுதேன் சார். நாங்க விஷம் தொடறதில்ல. ஒரு சொட்டு கிடையாது." ஜெயன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இல்லியாம்மா?"

"இல்ல" என்றேன்.

ஒரே ஒரு சொல்தான் மேடம். மலைப்பாதையில் கார் சுற்றினால் குழந்தைகள் வாந்தி எடுப்பது உண்டு என்றுதான் அப்போது நினைத்தேன். காலையில் இட்லி சாப்பிட்டார்களோ, பால் குடித்தார்களோ, நமக்கு என்ன தெரியும். வேறு எதற்கோ மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அஞ்சு மணிக்குக் குழந்தை போய்விட்டது. அதே டாக்டர் பிறகு உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குச் சொன்னீர்கள், முதல் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருந்தால் என்று. அதை நான் மறக்கவில்லை.

டிரம்மிலும் ஸ்பிரேயரிலும் மருந்து இருந்ததாக ரிப்போர்ட் வந்தது. பாட்டில் பால்பாண்டியின் குடிசைக்குப் பின்னால் கிடைத்தது. அங்கே எறிந்தது நான்தான், ஆனால் அவன்மேல் பழி போட அல்ல. வீட்டுப் பக்கம் அப்படிப்பட்ட சாமான் கிடக்க வேண்டாமே என்றுதான். ஸ்டேஷனில் அவனிடம் மருந்து அடித்துப் பழக்கம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள், தேயிலைக்கு இருபது வருடம் அடித்தேன் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான். அத்தோடு முடிந்தது, அவனை உள்ளே வைத்துவிட்டார்கள். பூச்சியைப் பார்த்துப் பயந்து, எஜமானுக்குத் தெரியாமல் அவனே செய்துவிட்டான் என்று பத்திரிகையில் எழுதினார்கள். ஜெயனும் அதை நம்பினான். நம்புவதற்கு ஒரு ஆள் கிடைத்ததால்தான் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறான் என்று நான் நினைத்தேன். நாற்பத்தொரு நாள் வாய் திறக்காமல் இருந்தேன்.

நேற்று பால்பாண்டியின் பெண்சாதி நாச்சியார் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. முற்றத்தில் நின்று, ஒரு பாத்திரத்தை நீட்டினாள். அவனுக்கு நான் முட்டை வைத்துக் கொடுக்கிற பாத்திரம், திருப்பித் தர வந்திருக்கிறாள்.

"எம்மா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க. அவரு கை அதைச் செய்யலம்மா."

"எனக்கு அறியாம்" என்றேன், தெரியும் என்று.

"எப்படிம்மா தெரியும்?"

நான் பாத்திரத்தை வாங்கித் திண்ணையில் வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அங்கேயே, ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட இல்லை. "அவரு உங்க காப்பியப் பத்தித்தாம்மா எப்பவும் பேசுவாரு" என்றாள். அவள் எழுந்து போன பிறகு நான் வெள்ளைச் சேலை மாற்றிக்கொண்டு உங்களிடம் வந்தேன்.

ஆகவே, டிரம்மில் மருந்து கலந்தது நான். நான்கு வருடமாகக் கலந்தது நான். பால்பாண்டிக்கு எதுவும் தெரியாது, ஜெயனுக்கும் தெரியாது. பால்பாண்டியை இன்றைக்கே விட்டுவிட முடியுமானால் விட்டுவிடுங்கள். ஜெயனுக்கு இதை நீங்கள் சொல்லும்போது பக்கத்தில் இரண்டு பேர் இருக்கட்டும், சொன்ன பிறகும் அவனைத் தனியே விடவேண்டாம். என் மருமகள் நாளைக் காலை விமானத்தில் வருகிறாள். அதுவரை ரேஷ்மியைப் பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறேன்.

இனி ஒன்று மீதி. நேற்று கடைசியாக நீங்கள் கேட்டீர்கள்: "அம்மச்சி, சத்தியம் பறையணும். அது குழந்தையைக் கொல்லும்னு நிங்களுக்கு அறியாமோ?" தெரியாது என்று சொன்னேன். தாள் எடுத்து உட்கார்ந்தபோதும் அப்படித்தான் எழுத நினைத்தேன். மகனைக் காப்பாற்றப் போய்த் தெரியாமல் நடந்த பிசகு என்று எழுதினால், படிக்கிறவர்களுக்கு ஒரு கிழவியின் மேல் இரக்கம் வரும். எனக்கே என்மேல் வந்தது.

அன்று பந்தலில் ரேஷ்மியும் எங்கள் கூட இருந்தாள். புதிதாக ஒரு கூட்டாளி கிடைத்த சந்தோஷத்தில் அபூர்வாவின் தோளில் கை போட்டுக்கொண்டு, அவள் கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். நான் ஓடிப்போய் அவள் தாடையைப் பிடித்து, விரல் விட்டு அந்தப் பழத்தைத் தோண்டி எடுத்து எறிந்தேன். குழாயடிக்கு இழுத்துப்போய் மூன்று தடவை வாய் கொப்பளிக்க வைத்தேன்.

திரும்பி வந்தபோது பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்னாச்சும்மா?" என்று கேட்டார். "அவளுக்குச் சளி, புளிப்பு ஆகாது" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க, அபூர்வாவுக்கு இன்னொரு கொத்து பறித்துக் கொடுத்தேன்.